பின்பாட்டு

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
12-2-2024

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தங்கை தனக்கொடி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அண்ணியின் சர்க்கரை இறங்கியதா? பிலாயில் குளிர் விட்டதா? இங்கே நான், மகள் சுமலதா, மாப்பிள்ளை எல்லோரும் இருக்கிறோம். சௌகரியம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். போன வாரம் நீங்கள் பேசியபோது நான் ஆமாம் ஆமாம் என்றேனே, ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. அண்ணி வழுக்கி விழுந்ததைச் சொன்னீர்களாம். அதற்கு நான் ரொம்ப சந்தோஷம் என்றேனாம். பக்கத்தில் இருந்த சுமலதா தலையில் அடித்துக்கொண்டாள். வலது காது போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போது இடதும் மூடிக்கொண்டே வருகிறது. மெஷின் வைத்தால் விசில்தான் அடிக்கிறது. ஆபரேஷனுக்கு என் இதயம் தாங்காதாம். தீபாவளி வெடியைக் கேட்பேனா என்பதே சந்தேகம் என்கிறார் டாக்டர். வெடி யாருக்கு வேண்டும்?

எனக்கு வேண்டியது ஒன்றுதான். நம் அம்மாவின் குரல். உங்களுக்கு அம்மா பதினொரு வயது வரை இருந்தாள். எனக்கு இரண்டு வயதோடு சரி, முகமும் தெரியாது, குரலும் தெரியாது. என் கல்யாணத்தன்று பெரியம்மா ஒரு விஷயம் சொன்னது நினைவிருக்கிறதா? பிரெஞ்சுக்காரன் கையை விட்டு ஊர் இந்தியாவோடு சேர்ந்து ஒரு வருடம் திரும்பிய நாளில், 1955 நவம்பர் முதல் தேதி, நம் மில் பெண்கள் மெட்ராஸ் போய் ரேடியோவில் பாடினார்கள், உங்கம்மா வீராயிதான் முன்பாட்டு, நாடு முழுக்கக் கேட்டது என்றாள். அப்பா முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுபோனது.

வானொலி அலுவலகத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். ஒலிப்பதிவு எங்கேயாவது இருந்தால் இந்தக் காது இருக்கும்போதே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அன்றைக்கு உங்களுக்கு ஒன்பது வயது. நினைவில் இருப்பதை எழுதுங்கள்.

தபால்காரரை எதிர்பார்த்து,
தனக்கொடி


பிலாய்,
3-3-2024

அன்புத் தங்கை பாப்பாவுக்கு,

அண்ணன் அரிகிருஷ்ணன் ஆசீர்வாதம். உன் கடிதம் கண்டு மனசு கஷ்டப்பட்டது. அண்ணிக்கு இடுப்பில் வீக்கம் குறைந்துவிட்டது, நடக்கிறாள். எனக்கு மூட்டுவலி இருந்தபடியே இருக்கிறது. பையன் ராஜாவுக்கு ஷிப்ட் மாறியிருக்கிறது. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

காதுக்குப் பூண்டு எண்ணெய் காய்ச்சி விடலாம் என்று அண்ணி சொல்கிறாள். டாக்டரைக் கேட்டுச் செய். மாப்பிள்ளையிடம் சொல்லி மாங்காய் ஊறுகாய் அனுப்ப முடியுமா பார். நம் ஊர் ருசி இங்கே வரவில்லை.

அம்மா பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் சின்னப் பையன். என்ன தெரியும்? அந்தக் காலத்து ஒலிபரப்பெல்லாம் காற்றோடு போனதுதான். மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

உன் நலம் விரும்பும்,
அண்ணன்


முத்தியால்பேட்டை,
18-3-2024

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தனக்கொடி வணக்கம். அண்ணி நடக்கிறாள் என்று படித்து நிம்மதி. ஊறுகாய் அனுப்பியாகிவிட்டது, எண்ணெய் ஒழுகாமல் இரண்டு பை போட்டிருக்கிறேன்.

வானொலி அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் நேரடி ஒலிபரப்புதானாம், சிலதை மட்டும் பதிந்து வைத்தார்களாம். பாட்டின் முதல் அடி, பாடியவர்கள் பெயர் இரண்டும் தெரிந்தால் தேடிப் பார்க்கிறோம் என்கிறார்கள். முதல் அடி எனக்கு எப்படித் தெரியும்? உலகத்திலேயே அதைக் கேட்ட ஒரே சொந்தக்காரர் நீங்கள்தான். நீங்களோ எனக்குப் பூண்டு எண்ணெய் சொல்கிறீர்கள்.

இன்னொன்று. அறுபத்தெட்டு வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட நீங்கள் ஒருவர்தான் மிச்சம். அப்பாவும் சாகிறவரை பாப்பாதான். மருந்துக்குக்கூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் பேர் கேட்க, அப்பா சொல்லாமல் பெரியம்மாவைப் பார்த்தாராம். என்னைப் பெற்ற பிறகுதான் அம்மா சீக்காளி ஆனாள், அந்தக் கோபம் அவருக்குப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் இப்போது சொல்கிறேன்.

அண்ணா, முதல் அடி வேண்டாம். அந்த நாள் எப்படி இருந்தது, அதையாவது எழுதுங்கள்.

தனக்கொடி


பிலாய்,
2-5-2024

அன்புத் தங்கை பாப்பாவுக்கு,

ஆசீர்வாதம். தாமதத்துக்கு மன்னிக்கவும். வெயில் தாங்காமல் இரண்டு வாரம் படுத்துவிட்டேன். இப்போது தேவலாம். ஊறுகாய் பிரமாதம், ராஜா பாதி தின்றுவிட்டான்.

அந்த நாளைக் கேட்டாய். எழுதுகிறேன்.

முந்தின நாளே அம்மா, கன்னியம்மாள், இன்னும் நாலு பெண்கள், சங்கத்துக்காரர் எல்லோரும் ரயிலேறிப் போய்விட்டார்கள். நீ கைக்குழந்தை, பால் குடிக்கிறவள், அதனால் உன்னையும் தூக்கிப் போனாள். மில் தொழிலாளர் சங்கத்து வாசலில் பெஞ்சு போட்டு ரேடியோவை வைத்திருந்தார்கள். வேட்டியைவிட அகலமான ஏரியல் கம்பி வலை மாடியில் கட்டியிருந்தது. பெட்டி சூடாகி அதன் பச்சை விளக்கு கண் விழிக்கும்வரை யாரும் பேசமாட்டோம். காலையில் முதலில் அந்தத் தொடக்க இசை. அப்புறம் டெல்லிச் செய்தி இங்கிலீஷில். ஒருத்தருக்கும் புரியாது, ஆனால் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. பிறகு தமிழ்ச் செய்தி. நம் ஊர் பேர் வந்ததும் கை தட்டினார்கள். செய்தி வாசித்தவர் சொன்ன உச்சரிப்பு சரியில்லை என்று பிரெஞ்சுப் பள்ளியில் படித்த ஒருவர் குறை சொன்னார். அவரை உட்காரச் சொன்னார்கள்.

மதியம் நிலையம் மூடியிருந்த நேரத்திலும் இடம் போய்விடும் என்று பெஞ்சை விட்டு நகரவில்லை. பெரியம்மா எனக்கு அங்கேயே சோறு கொண்டுவந்தாள். சாயங்காலம் பருத்தி விலை, நெல் விலை, மழை வருமென்று அறிவிப்பு. பிறகு ஒரு அமைச்சரின் உரை, நீளமான உரை. அதற்குள் தெரு முழுக்க ஆள். கூரை மேலெல்லாம் பையன்கள். அப்பா மில்லில் ஷிப்ட் முடிந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசைக்கு வந்தார். எல்லோரும் அவருக்கு வழி விட்டார்கள். நான் அவர் மடியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் வீணைக் கச்சேரி வந்தது. மழையும் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்விட்டோம்.

இவ்வளவுதான் பாப்பா. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


முத்தியால்பேட்டை,
14-5-2024

அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு தேறியது சந்தோஷம். உண்மையான சந்தோஷம், போனில் சொன்னது மாதிரி இல்லை.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சுமலதாவையும் படிக்கச் சொன்னேன். அவளும் அதையேதான் கேட்டாள். நெல் விலை வந்தது, பருத்தி விலை வந்தது, அமைச்சர் வந்தார், மழைகூட வந்தது. அம்மா எங்கே? அம்மா பாடுவதைக் கேட்கத்தானே தெரு முழுக்கக் கூடியது? அப்பா வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்தார், உடனே வீணை என்றால் நடுவில் நடந்ததை யார் எழுதுவார்கள்?

பாடவில்லையா? பாட்டு நன்றாக இல்லையா? அபஸ்வரமாக இருந்தால்தான் என்ன? எனக்குச் சங்கீத விமர்சனமா வேண்டும்?

கன்னியம்மாள் என்று ஒரு பேர் எழுதியிருக்கிறீர்கள். அவள் இப்போது எங்கே இருக்கிறாள்? எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள்? அதை மட்டுமாவது உடனே எழுதுங்கள். பாலைக் காய்ச்சும்போது பொங்கும் சத்தம் இப்போது எனக்குக் கேட்பதில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே நிற்கவேண்டியிருக்கிறது.

தனக்கொடி


முத்தியால்பேட்டை,
20-6-2024

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் பதில் வராததால் மறுபடி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று ராஜா சுமலதாவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான். ஆக, எழுதத்தான் மனமில்லை.

வானொலிக்காரர்கள் கடைசியாக எழுதிவிட்டார்கள். அன்றைய நிகழ்ச்சிகளில் அமைச்சரின் உரை மட்டும்தான் இருக்கிறதாம். பாட்டு இல்லையாம். வேண்டுமானால் உரையின் பிரதி தருகிறார்களாம். அந்த அமைச்சரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இனி மிச்சம் கன்னியம்மாள்தான். முத்தியால்பேட்டை முழுக்க விசாரித்தாயிற்று. பழைய மில் குடும்பங்கள் பாதிப்பேர் மூலக்குளம் பக்கம் வீடு கட்டிப் போய்விட்டார்கள். கன்னியம்மாள் என்ற பேரில் மூன்று பேரைப் பார்த்தேன். மூவரும் ரேடியோவைக் கேட்டவர்கள்தான், பாடியவர்கள் இல்லை. இடது காதில் வாயை வைத்துக் கத்தினால் இன்னும் கொஞ்சம் கேட்கிறது. கொஞ்சம்தான்.

தனக்கொடி


பிலாய்,
5-7-2024

அன்புத் தங்கை பாப்பாவுக்கு,

ஆசீர்வாதம். கோபித்துக்கொள்ளாதே. இங்கே மழை பிடித்துவிட்டது. அண்ணிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது.

கன்னியம்மாளுக்கு இப்போது தொண்ணூறு வயது நெருங்கும். எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பாள். வெயிலில் அலையாதே. போனதைத் தேடுவதால் யாருக்கும் நிம்மதி வராது. இதோடு விட்டுவிடு, அண்ணன் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன்


முத்தியால்பேட்டை,
19-8-2024

அண்ணனுக்கு,

கன்னியம்மாள் சாகவில்லை. குருசுக்குப்பத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். நம் வீட்டிலிருந்து ஆட்டோவில் ஏறினால் கூடையில் மீன் செத்துப்போகிறதற்குள் போய்விடலாம். அவ்வளவு பக்கம். மீன் கொண்டுவரும் பெண்தான் சொன்னாள், எங்கள் தெருவில் ஒரு கிழவி ரேடியோவில் பாடின கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்று. பதினாறாம் தேதி, நம் ஊருக்கு மட்டும் உள்ள லீவு நாளில் சுமலதாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவள் பேசப்பேச சுமலதா எழுதிக் காட்டினாள். ஏனென்றால் ஆகஸ்டு பிறந்ததும் ஒரு காலையில் இடது காதும் அடைத்துவிட்டது. அடைத்தது அடைத்ததுதான்.

கன்னியம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்கம்மா உன்ன மடியில போட்டுக்கினுதான் பாட உக்காந்தா. தூங்கற புள்ளதானன்னு அவங்களும் உட்டுட்டாங்க. செவப்பு லைட்டு எரிஞ்சிது. ரெண்டு அடிதான் பாடியிருப்போம், நீ முழிச்சிக்கினு வீல்னு கத்தின. உங்கம்மா பாட்ட நிறுத்திட்டு உன்னப் பாத்து, 'அழுவாதம்மா தனக்கொடி, அம்மா இங்கதான் இருக்கேன்'னு சொன்னா. நாங்க அஞ்சு பேரும் பின்பாட்டு. அவ சொல்றதத் திருப்பிப் பாடியே பழக்கம். பயத்துல அதையும் ராகம் போட்டுத் திருப்பிப் பாடிட்டோம்."

நாடு முழுக்கக் கேட்டதாம் அண்ணா. டெல்லி வரைக்கும். உடனே கட் பண்ணி ஒரு வீணை இசைத்தட்டைப் போட்டுவிட்டார்களாம். நீங்கள் கேட்ட வீணைக் கச்சேரி அதுதான்.

இது தெரிந்து நான் என்ன ஆகியிருப்பேன் என்று பயந்தீர்கள்? இதற்கா இத்தனை மாதம் பூண்டு எண்ணெயும் பருத்தி விலையும்?

அதைக்கூட மன்னித்திருப்பேன். கிளம்பும்போது அவள் சொன்னதைச் சுமலதா எழுதிக் காட்டத் தயங்கினாள். பிடுங்கிப் படித்தேன். "உங்கண்ணன் ஊருக்கு வர்றப்பல்லாம் இங்க வந்துட்டுத்தான் போவான். அந்த ஒரு அடிய உங்கம்மா மாதிரியே பாடிக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டு அழுதுட்டுப் போவான்."

நீ கேட்டிருக்கிறாய். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். அந்த வீடு உனக்குத் தெரியும், அவள் உயிரோடு இருப்பது தெரியும், நான் தெருத்தெருவாக அலைவதும் தெரியும். செத்திருப்பாள் என்று எழுதினாய். எனக்காக அவள் மூன்று தடவை பாடினாள். வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஜூன் மாதம் சொல்லியிருந்தால் இந்தக் காதால் கேட்டிருப்பேன்.

கோபத்தில் நீ என்று எழுதிவிட்டேன். திருத்தப் போவதில்லை.

தனக்கொடி


பிலாய்,
15-9-2024

அன்புள்ள தனக்கொடிக்கு,

உன்னை இந்தப் பேரால் அழைத்து நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

அன்றைக்குத் தெருவே சிரித்தது. அப்பா என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டு மழையில் எழுந்து போனார். மறுநாள் ரயிலடியில் அம்மா சிரித்துக்கொண்டேதான் இறங்கினாள். "நாடே கேட்டுச்சிடா, எம்பொண்ணு பேர" என்றாள். ஆனால் மில்லில் அப்பா தறிக்கு அருகே போனாலே நாலு பேர் அந்த அடியை ராகம் போட்டுப் பாடினார்கள். வருடக்கணக்காகப் பாடினார்கள். தனக்கொடி என்று வாசலில் கூப்பிட்டால் எதிர்வீட்டிலிருந்து மிச்சப் பாட்டு வரும். அதனால்தான் நீ பாப்பா ஆனாய். உன்மேல் அவருக்குக் கோபமே கிடையாது. அம்மாவும் அதற்குப் பிறகு வேலையிடத்தில் பாடவில்லை. வாயைத் திறந்தாலே மற்றவர்கள் சிரித்துவிடுவார்கள்.

அம்மா மஞ்சள்காமாலையில் போன அன்றைக்கு அப்பா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். "அம்மா பாட்டு நின்னது தன்னாலதான்னு அந்தப் புள்ள என்னைக்கும் நெனைக்கக் கூடாது. செத்தாலும் சொல்லாத." சத்தியம் வாங்கிக்கொண்டார். பதினொரு வயதில் செய்த சத்தியத்தை எழுபத்தெட்டு வயதுவரை தூக்கிக்கொண்டு வந்தேன். நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன். கன்னியம்மாளிடம் போனது மட்டும் எனக்காகத்தான். அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

சின்ன வயதில் நீ என்னை நீ என்றுதான் கூப்பிடுவாய். கல்யாணத்துக்குப் பிறகுதான் நீங்கள் ஆனேன். திருத்தாதே.

நவம்பர் முதல் தேதிக்கு ராஜா டிக்கெட் போட்டிருக்கிறான். வரலாமா?

அண்ணன்


முத்தியால்பேட்டை,
7-10-2024

அண்ணனுக்கு,

அண்ணிக்குக் கண் தெளிந்ததா? சொட்டு மருந்தை நிறுத்த வேண்டாம் என்று சொல். எனக்கு உடம்பு பரவாயில்லை. மனசு ஆறவில்லை. ஆறிவிட்டது என்று எழுதினால் அது நீ வீணைக் கச்சேரி எழுதின மாதிரி ஆகிவிடும்.

அப்பா என்னை வெறுக்கவில்லை என்று படித்ததும் அழுதேன். அவர் இருக்கும்போது தெரிந்திருந்தால் கடைசி நாட்களில் அவரிடம் இன்னும் கொஞ்சம் நல்லபடி பேசியிருப்பேன். நீங்கள் இரண்டு ஆம்பிளைகளும் சேர்ந்து என்னைக் காப்பாற்றிய அழகு இது. என்னால் அம்மா பாட்டு நின்றது என்று தெரிந்தால் நான் உடைந்துபோவேனாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. நாடு கேட்கும்போது, சிவப்பு லைட்டு எரியும்போது, அவள் பாட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். இது ஒரு பெண்ணுக்குச் சொல்லக்கூடாத விஷயமா?

போன வாரம் மறுபடியும் கன்னியம்மாளிடம் போனேன். எனக்குக் கேட்காது என்பதை மறந்து பாட வாயைத் திறந்தாள், பிறகு நிறுத்தினாள். என் கையை இழுத்து அவள் முழங்கால்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, அதன்மேல் தாளம் தட்டினாள். நடவுப் பாட்டுக்குத் தட்டுகிற தாளம். என் பேருக்கு மட்டும் இரண்டு தட்டு, நெருக்கமாக. பிறகு ஒரு இடைவெளி. பிறகு மறுபடி. சுமலதா பக்கத்தில் உட்கார்ந்து அந்தந்தத் தட்டுக்கு அந்தந்த வார்த்தையை விரலால் காட்டினாள். ராகம் வரவில்லை அண்ணா, தாளம் வந்துவிட்டது. இப்போது நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டே இருக்கிறேன். மாப்பிள்ளை ஒரு மாதிரி பார்க்கிறார்.

வா. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இருந்தாலும் வா. அவள் தட்டியது சரியா என்று நீதான் என் கையில் தட்டிக் காட்ட வேண்டும். நம் வீட்டில் அம்மா பாட்டைக் கேட்டவன் நீ ஒருத்தன்தான் மிச்சம்.

வந்ததும் பழக்கத்தில் வாசலில் நின்று கூப்பிடாதே. பாப்பா என்றாலும் சரி, தனக்கொடி என்றாலும் சரி, எனக்குக் கேட்காது. கதவு திறந்துதான் இருக்கும்.

தனக்கொடி